லாக்கரில் இருக்கும் பாஸ்போர்ட் கப்பல் ஏறாது

போன வாரம் சென்னைத் துறைமுகத்தில், கப்பல் பயணிகளுக்கான கவுன்டரில், ஒருவர் தன் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது.

பாஸ்போர்ட்டை வைத்தால் எங்காவது சத்தம் கேட்குமா? என்னுடையதை எத்தனையோ கவுன்டர்களில் வைத்திருக்கிறேன். வைத்ததே தெரியாது. இது மட்டும் ஏன் சத்தம் போட்டது?

ஏனென்றால் அது பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட்டின் கலர் ஜெராக்ஸ். அளவாக வெட்டி, முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டி, கெட்டியாக லேமினேட் செய்த கலர் ஜெராக்ஸ்!

கவுன்டரில் இருந்த பெண் அதைக் கையில் எடுத்தாள். பக்கத்தைப் புரட்டப் பார்த்தாள். அட்டையில் என்ன புரளும்?

"ஒரிஜினல் குடுங்க சார்."

வைத்தவர் சிரித்தார். எல்லாம் தெரிந்தவர்கள் ஒன்றும் தெரியாத சின்னப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பார்களே... அந்தச் சிரிப்பு.

"ஒரிஜினல் பெங்களூர்ல இருக்கும்மா. பேங்க் லாக்கர்ல. பத்திரமா."

அவர் பெயர் சபாபதி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரைப் போட்டால் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் நான் இனிமேல் ஏற முடியாது. நான் இருப்பது நாலாவது மாடி.

சபாபதி சார் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து, வீடு வாங்கி, தலையும் நரைத்துவிட்டது. பேச்சைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். எதைக் கேட்டாலும் "ஏனூ ஆகல்ல மேடம்" என்பார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். லிஃப்ட் பாதியில் நின்றாலும் ஏனூ ஆகல்ல. தண்ணீர் லாரி வராவிட்டாலும் ஏனூ ஆகல்ல. அவருக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆவதெல்லாம் அவர் மனைவிக்குத்தான் ஆகும்.

அந்த மனைவி கோமதி அக்கா. ஜீவனஹள்ளியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். வருடா வருடம் பிள்ளைகளுக்கு இந்திய வரைபடம் வரையச் சொல்லிக் கொடுத்து, மூன்று பக்கமும் நீலப் பென்சிலால் கடல் தீட்ட வைத்தவர். ஆனால் அவர் பார்த்த கடல்? மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பார்த்த கடல்தான்.

இந்த வருடம் அக்காவும் ரிட்டயர் ஆனார். உனக்கு என்ன வேண்டும் என்று சபாபதி சார் பெருந்தன்மையாகக் கேட்டாராம். வளையல் என்று சொல்வார் என எதிர்பார்த்திருப்பார். அக்கா கப்பல் என்றார்.

"கரையில நின்னு கடலைப் பாத்துருக்கேன். கடல்ல நின்னு கரையைப் பாத்ததில்ல. அதை ஒரு தடவ பாக்கணும்" என்று என்னிடம் சொன்னார். கேட்ட எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு முன்னால் போக முயலவில்லையா என்ன? முயன்றார்கள். அந்தமான் போவதாக இருந்தது. சாருடைய கம்பெனியில் ஆடிட் வந்துவிட்டது. சிங்கப்பூர் போவதாக இருந்தது. அதற்காகத்தான் இருவருக்கும் பாஸ்போர்ட்டே எடுத்தார்கள். "இந்த வெயில்ல எவன் போவான்" என்று சார் சொல்லிவிட்டார். சிங்கப்பூருக்குப் பனிக்காலம் வரட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ! ஒரு முத்திரைகூடப் படாமல் அந்தப் பாஸ்போர்ட்டுகள் பாதி ஆயுளைக் கழித்துவிட்டன. "முட்டி தேய்ஞ்சுக்கிட்டே வருதும்மா. இந்தத் தடவையும் போகலைன்னா இனிமே நான் எங்கயும் போகப்போறதில்ல" என்று அக்கா சொன்னபோது அதில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அதனால் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்தோம். சென்னையில் ஏறி, இலங்கையைத் தொட்டுவிட்டு, மறுபடியும் சென்னையில் இறங்கும் கப்பல். ஓசூர்க்கார டிராவல் ஏஜென்ட் ஒருவர் டிக்கெட், அனுமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பும் போட்டார். ஒரிஜினல் பாஸ்போர்ட் கட்டாயம், நகல் செல்லாது, போனில் இருக்கும் படம் செல்லாது, ஆதார் மட்டும் இருந்தால் போதாது. பளிச்சென்று சிவப்பு எழுத்தில்.

குழுவில் என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் கைகூப்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நம் ஆட்களுக்கு அறிவிப்பு என்றால் கும்பிடுவதற்கு. படிப்பதற்கு அல்ல.

சபாபதி சார் ஒன்றுக்கு இரண்டாகக் கும்பிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு டெம்போ டிராவலரில் கிளம்பினோம். ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா வந்ததும் சார் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பழைய சாம்ராஜ்யம் அல்லவா! அந்த கேட், இந்த ஷெட், அங்கே ஒரு டீக்கடை என்று எங்கள் எல்லோரையும் வாயாலேயே ஒரு சுற்று கூட்டிப் போனார். அப்போது ஒரு பழைய கதையும் சொன்னார். ஆனேக்கல்லிலிருந்து சரக்கோடு ஒரு லாரி வந்ததாம். டிரைவர் கையில் ரசீதின் நகல்தான் இருந்ததாம். அவன் எவ்வளவோ கெஞ்சியும் சார் மசியவில்லையாம். ஒரிஜினல் இல்லாமல் ஒரு ஆணிகூட உள்ளே போகாது என்று லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாராம்.

வேனில் எல்லோரும் "அடேங்கப்பா" என்றோம். கோமதி அக்கா மட்டும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை கேட்டிருப்பாரோ!

வேலூர் தாண்டித்தான் விஷயம் வெளியே வந்தது. அதற்கும் காரணம் என் வீட்டுக்காரர்தான். அவர் இன்னொரு ரகம். 'எதற்கும் இருக்கட்டும்' ரகம். பாஸ்போர்ட் கொண்டுவரச் சொன்னால் ஆதார், பான், வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு, கல்யாணப் பதிவுச் சான்றிதழ், போன மாதக் கரண்ட் பில் வரைக்கும் கொண்டுவருவார். கப்பலில் கரண்ட் பில்லை எவன் கேட்பான்? எதற்கும் இருக்கட்டுமாம். அந்தப் பையைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று மறுபடியும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

சபாபதி சார் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பரிதாபப்பட்டார். போயும் போயும் ஒரிஜினலையா தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்துச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டினார். ஒன்று அவருடையது, ஒன்று அக்காவுடையது.

"கப்பல்னா சுத்தியும் தண்ணி சார். ஒரு அலை அடிச்சா உங்க பாஸ்போர்ட் அப்பளமாயிடும். இதப் பாருங்க, வாட்டர் ப்ரூஃப்."

சொன்னதோடு விட்டாரா? தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அட்டை மேல் ஊற்றி, கைக்குட்டையால் துடைத்து, ஒரு துளிகூட உள்ளே போகவில்லை என்று நிரூபித்தார். நாங்கள் எல்லோரும் அவரையே வெறித்துப் பார்த்ததை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

நான்தான் கேட்டேன். "ஒரிஜினல் எங்க சார்?"

"ரெண்டும் லாக்கர்ல இருக்கு மேடம். வெள்ளிக்கிழமையே வெச்சாச்சு."

நான் கோமதி அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், இதுவும் போச்சு. அந்தமான் போச்சு, சிங்கப்பூர் போச்சு, இப்போது இதுவும். இந்த முறை ஆடிட்டும் இல்லை, வெயிலும் இல்லை... ஒரு லேமினேஷன் மெஷின் கெடுத்துவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை எந்த பேங்க் திறக்கும்? திறந்தாலும்தான் பெங்களூருக்குத் திரும்பி, லாக்கரைத் திறந்து, மறுபடியும் சென்னைக்கு வருவதற்குள் கப்பல் நடுக்கடலுக்குப் போயிருக்கும்.

ஏஜென்டுக்குப் போன் போட்டோம். மனிதர் பதறிப்போனார். ஒரிஜினல் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள், நான்தான் குழுவில் போட்டிருந்தேனே என்றார். சபாபதி சார் போனை வாங்கி அவருக்கே சட்டம் சொல்லிக்கொடுத்தார். டிக்கெட் போடும்போது நகல்தானே வாங்கினாய், இலங்கை அனுமதிக்கும் நகல்தானே அனுப்பினாய், அப்போது செல்லுபடியான நகல் இப்போது மட்டும் எப்படிச் செல்லாமல் போகும் என்று ஒரே பிடி. கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கும். முட்டாள்தனத்துக்கும் நியாயத்துக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "ஏனூ ஆகல்ல. போர்ட்ல நமக்கு ஆள் இருக்கு" என்றார்.

நமக்கு ஆள் இருக்கு! இந்த நாட்டில் இதைச் சொல்லாத மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆள் இருக்கு. பாஸ்போர்ட் ஆபீஸில் ஆள் இருக்கு. கோயில் சிறப்பு தரிசனத்துக்கு ஆள் இருக்கு. ஒரு தாளை எடுத்துப் பைக்குள் வைப்பதற்கு மட்டும் ஆள் இல்லை.

அந்த ஆள் சாருடைய சித்தப்பா மகனின் சகலை. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போன் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் எடுத்தார்கள். ஆள் ரிட்டயர் ஆகி, மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாராம். நன்றாகப் பேசினாராம். வீட்டில் எல்லோரையும் விசாரித்தாராம். கோயம்புத்தூருக்கு ஏது கடல்?

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இது அவர் ஒருவருடைய கோளாறாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது நம் வீடுகளின் கோளாறு. எதையும் பத்திரமாக வைத்தே பாழாக்குகிற கோளாறு. டிவி ரிமோட்டுக்கு வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டோம். பட்டன் தெரியாது, ஆனாலும் பிரிக்க மாட்டோம். புதுக் கார் சீட்டின் கவரைக் கிழிக்காமல், உட்காரும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வர ஓட்டுவோம். நல்ல பீங்கான் தட்டுகள் ஷோகேஸில் தூசி தின்னும், நாம் ஓரம் நசுங்கிய எவர்சில்வர் தட்டில் தின்போம். எல்லாம் எதற்கு? ஒரு நல்ல நாளுக்கு. அந்த நல்ல நாள் வந்தாலும் எடுக்க மாட்டோம். 'கெட்டுப்போயிடும்!'

பாஸ்போர்ட் என்பது எதற்காக அச்சடிக்கப்படுகிறது? கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவதற்கு. அதன் ஒரே வேலை அதுதான். அதைக் கொண்டுபோய் நகையோடு வைத்துப் பூட்டுகிறவரை என்னவென்று சொல்வது? குடையை நனையாமல் வீட்டில் வைத்துவிட்டு மழையில் நடப்பவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது கவுன்டருக்கு வருகிறேன்.

நாங்கள் எல்லோரும் காட்ட வேண்டியதைக் காட்டி, ஒருபக்கமாக நகர்ந்து நின்றுவிட்டோம். சபாபதி சார் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்றார். அந்தப் பெண், ஒரிஜினல் இல்லாமல் முடியாது என்றாள். சார் ஆதாரை எடுத்தார். முடியாது. போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். முடியாது. பான் கார்டு, சீனியர் சிட்டிசன் கார்டு... கடைசியில் பொம்மசந்திரா கம்பெனியின் பழைய ஐடி கார்டையும் எடுத்து வைத்துவிட்டார். அதில் அவருக்கு மீசை கருப்பாக இருந்தது. அந்தப் பெண் அதையும் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா. நாங்க பெங்களூர்லருந்து வரோம்."

பெங்களூரில் இது மந்திரம். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார அட்ஜஸ்ட். பார்க்கிங்கில் இன்னொருவர் இடத்தில் வண்டியை நிறுத்த அட்ஜஸ்ட். அந்த ஊரே அந்த ஒரு சொல்லில்தான் ஓடுகிறது. ஆனால் எல்லை தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போகிற கப்பலில் யார் யாருக்கு அட்ஜஸ்ட் செய்வது? அந்தப் பெண் தன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவரும் வந்து அட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது.

ஒருவழியாக சபாபதி சாருக்குப் புரிந்தது. புரிந்ததும் என்ன செய்தார்? தப்பு என்னுடையது என்றாரா? மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாரா? இந்த நாட்டில் ஒரு ரூல்ஸும் ஒழுங்காக இல்லை என்றார். பிறகு, மார்க்கெட்டில் காய் சரியில்லை, அடுத்த கடைக்குப் போகலாம் என்பதுபோல் சாதாரணமாகத் திரும்பினார்.

"வா கோமதி, போலாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே அக்காவின் டிராலியில் கை வைத்தார்.

எனக்கு அங்கேயே கத்தலாம் போல இருந்தது. கத்தியிருப்பேன். அதற்குள் கோமதி அக்கா அந்த டிராலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தோளில் மாட்டியிருந்த கைப்பையைத் திறந்தார். உள்ளே இருந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்துக் கவுன்டரில் வைத்தார்.

சத்தமே வரவில்லை. அசல் பாஸ்போர்ட்!

அந்தப் பெண் புரட்டினாள். பக்கங்கள் புரண்டன. எல்லாம் வெள்ளைப் பக்கங்கள். "முதல் டிரிப்பாம்மா?" என்று கேட்டாள். அக்கா தலையை ஆட்டினார்.

சபாபதி சார் அந்தப் புத்தகத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எப்படி உன் கையில இருக்கு?"

"என்னோடதுங்க."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. வம்புக்கும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

பிறகு டிராலிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பையை எடுத்து சாரிடம் நீட்டினார். அதில் அவருடைய பிரஷர் மாத்திரை, வீட்டுச் சாவி, ரெண்டு செட் துணி, வேனில் சாப்பிடக் கொஞ்சம் புளியோதரை எல்லாம் இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போதும் இருவர் துணியையும் ஒரே பெட்டியில் வைக்கிற அக்கா, இந்த முறை இரண்டாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார். ஆரஞ்சு உரித்த கையைத்தான் நான் பார்த்தேன், அந்தக் கை செய்த ஏற்பாட்டைப் பார்க்கவில்லை.

சார் பையை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? "தனியாவா போவ?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதே இல்லை.

"போய்ட்டு வர்றேங்க" என்றார் அக்கா.

அந்த வார்த்தையைத் தினமும் பொம்மசந்திராவுக்குக் கிளம்பும்போது சார்தான் வாசலில் நின்று சொல்லியிருப்பார். உள்ளே இருந்தபடி தலையாட்டியது அக்காவாக இருந்திருக்கும். அன்றைக்குத் தலையாட்டியது சார். சொல்லிவிட்டு, அக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார். முட்டி வலிதான். கொஞ்சம் சாய்ந்துதான் நடந்தார். ஆனால் நிற்காமல் நடந்தார்.

நாங்கள் வந்த வேன் பெங்களூருக்குத் திரும்பியபோது அத்தனை சீட்டுக்கும் ஒரே ஒரு பயணிதான்.

சாயங்காலம் கப்பல் நகர ஆரம்பித்ததும் மேல்தளத்துக்குப் போனோம். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கலங்கரை விளக்கம், கட்டடங்கள், கோபுரம் எல்லாம் சின்னதாகிக்கொண்டே வந்தன. நீங்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை... என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அக்கா, ஒரிஜினல் வேணும்னு உங்களுக்குத் தெரியும்ல? சார்கிட்ட சொல்லலையா?"

இரண்டு தடவை சொன்னாராம். ஏஜென்ட் போட்டதைப் படித்தும் காட்டினாராம். "உனக்கென்ன தெரியும், சும்னே இரு" என்று, சும்மா இருக்கச் சொல்லிப் பாதிக் கன்னடத்தில் பதில் வந்ததாம். வெள்ளிக்கிழமை இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு கவரில் போட்டு, லாக்கரில் வைத்துவிட்டு வா என்று அக்காவிடம்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறார். லாக்கர் நகைக்குரியது அல்லவா, அதனால் அது பெண்கள் டிபார்ட்மென்ட்! அக்கா போனார். திறந்தார். ஒன்றை வைத்தார். ஒன்றைத் திருப்பி எடுத்து வந்தார்.

"ரெண்டையுமே எடுத்துட்டு வந்திருக்கலாமேக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் பொருளை அவர் சொன்ன எடத்துல வெச்சேன். என் பொருளை என்கிட்ட வெச்சுக்கிட்டேன். அவர் சொல்றது சரின்னா அவரும் ஏறியிருப்பாரு. தப்புன்னா நான் மட்டும். இத்தனை வருஷம் ரெண்டு பேருக்கும் சேத்துத்தாம்மா யோசிச்சேன். எங்கயும் போய்ச் சேரலையே."

கொஞ்ச நேரம் கழித்து, அவர் மாத்திரை போட்டிருப்பாரா என்று கேட்டார். அன்பெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. பாஸ்போர்ட்டும் இருந்தது.

நாங்கள் திரும்பி வந்து பார்த்தால், எங்கள் குழுவில் சபாபதி சார் ஒரு நீண்ட அறிவுரை போட்டிருக்கிறார். கப்பல் பயணம் செல்வோர் கவனத்துக்கு: ஒரிஜினல் பாஸ்போர்ட் மிக மிக அவசியம், ஆறு மாதமாவது காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், நகல்களை நம்ப வேண்டாம். விஷயத்தை இவரே கண்டுபிடித்த மாதிரி! திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். இல்லை. அடுத்தவரைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான்.

கோமதி அக்காவின் பாஸ்போர்ட்டில் இப்போது முத்திரைகள் இருக்கின்றன. லிஃப்டில் பார்த்தபோது எடுத்துக் காட்டினார். காய் வாங்கக் கிளம்பியவர்... பாஸ்போர்ட் கைப்பையிலேயேதான் இருக்கிறது. அது ரொம்பத் தப்பு, தொலைந்துபோகும் என்று அறிவுரை சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பாஸ்போர்ட் இப்போது எங்கே இருக்கிறது?

"அவர்கிட்டதான் இருக்கும்" என்பது உங்கள் பதிலானால் — உங்களிடம் பாஸ்போர்ட் இல்லை.